சிப்பி சாப்பிட்டு உதடு மரத்துப்போன அனுபவம் யாருக்காவது உண்டா?

போன வாரம் எனக்கு நடந்தது. பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளை நாங்களே பறித்து, ஓடு விரியும்வரை கொதிக்கவைத்துச் சாப்பிட்டோம். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, சதையில் கெட்ட வாடையும் இல்லை. நான் பத்துப் பன்னிரண்டு சாப்பிட்டிருப்பேன்.

அரை மணி நேரத்தில் கீழுதட்டில் குறுகுறுப்பு. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் மரத்துக் கிடக்குமே, அதே மாதிரி. அப்புறம் நாக்கு, விரல் நுனி. தம்ளரைப் பிடித்தால் பிடித்திருப்பதே தெரியவில்லை. நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் இரவு முழுக்க என் மூச்சைத்தான் கவனித்தார்கள். இதற்கு மாற்றுமருந்து கிடையாதாம். மூச்சுத் தசை ஓய்ந்தால் செயற்கை சுவாசம் கொடுத்து, நஞ்சு சிறுநீரில் வெளியேறும்வரை காத்திருப்பதுதான் வழி என்றார் டாக்டர். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் நன்றாகக் கொதிக்கவைத்தும் இப்படி ஆனது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

*

உங்களை நொந்துகொள்ளாதீர்கள். சிப்பி மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் சாக்ஸிடாக்சின் என்றுதான் தோன்றுகிறது. சில வகை நுண்பாசிகள் உண்டாக்கும் நஞ்சு அது. வேகவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. 1793இல் ஜார்ஜ் வான்கூவரின் கப்பல் ஆட்கள் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலையில் சிப்பியைச் சுட்டுத் தின்றார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்று மதியமே இறந்துபோனார்.

சிப்பிக்கு இரை தேடி அலையும் வேலை இல்லை, தண்ணீரை வடிகட்டியே பிழைக்கிறது. நன்கு வளர்ந்த ஒன்று, சூழல் ஒத்துவந்தால், ஒரு நாளில் 190 லிட்டர் வரைகூட வடிகட்டும். பாசி பெருகியிருக்கும் நாட்களில் அத்தனையும் அதன் வயிற்றில் சேரும், அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இந்த நஞ்சுக்குப் பல நாடுகளில் அனுமதிக்கப்பட்ட அளவு ஒரு கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம்தான், அதாவது ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கடல் சிவந்தால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள், அது தப்பு. தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கும்.

இன்னொரு பாசி நஞ்சு டோமோயிக் அமிலம். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவுச் சிப்பிகளைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். சிலருக்கு நினைவாற்றல் திரும்பவே இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு மாதிரியையும் பயத்தோடுதான் அரைக்கிறேன்.

உலோகத்தின் கதை வேறு. ஒரு தடவை ஓட்டைத் திறந்தேன், சதை முழுக்க நீலம் கலந்த பச்சை. பாசி தின்றிருக்கிறது என்று நினைத்தேன். அளந்து பார்த்தால் செம்பு! கேட்மியம் என்ற நச்சு உலோகமோ நிறம்கூடக் காட்டாது. உடம்பிலுள்ள ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கரும்பச்சையான செரிமானச் சுரப்பியிலும் சிறுநீரகத்திலும்தான் அதிகம் சேரும்.

மிச்சச் சிப்பி ஏதாவது இருக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

*

நான் சிப்பி வளர்க்கிறவன். அறுவடை செய்ததைப் புற ஊதா விளக்கு வைத்த தொட்டியில் இரண்டு நாள் சுத்தமான தண்ணீரில் விடுவோம். பாக்டீரியா வெளியேறிவிடும். கேட்மியமும் அப்படியே போய்விடும் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். தொட்டிக்கு முன்னும் பின்னும் மாதிரி கொடுத்துப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பாசி நஞ்சுக்கும் இரண்டு நாள் போதாது. பாசி அடங்கிய பிறகு பல சிப்பிகளில் சில வாரங்களில் இறங்கிவிடும், ஒரு வகை மட்டியில் இரண்டு வருடம் வரைகூடத் தங்கும். அறுவடைக்குத் தடை போட்டால் எங்களுக்கு நஷ்டம்தான். ஆனாலும் தடை நீங்கும்வரை ஒரு சிப்பியைக்கூட எடுக்க மாட்டேன்.

*

ஃப்ரீசரில் ஏழெட்டு இருக்கிறது, ஓட்டோடு. பறித்த தேதியையும் இடத்தையும் பையில் எழுதி வைத்துவிட்டேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.