சாட்டர்ன் காரின் பானட் இரும்பா, பிளாஸ்டிக்கா?

பழையசாவி:
மூடிப்போன அமெரிக்க கார்களைப் பற்றிய இழையில் நேற்று டெட்ராய்ட்வாசி போகிற போக்கில் இப்படி எழுதியிருந்தார்: "சாட்டர்னா? கதவு, கூரை, பானட் எல்லாமே பிளாஸ்டிக். பொம்மைக் கார். மூடினதே நல்லது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதற்குத்தான் இந்தத் தனி இழை.

என்னுடையது 1994 சாட்டர்ன் எஸ்எல்2, ஐந்து கியர், கரும்பச்சை. 17 வருஷம் ஓட்டினேன். 2,31,000 மைல் காட்டிய பிறகுதான் கை மாற்றினேன். அதனால் சொல்கிறேன்: எல்லாமே பிளாஸ்டிக் கிடையாது. கதவு, ஃபெண்டர், பம்பர் பிளாஸ்டிக். பானட், கூரை, டிக்கி மூடி மூன்றும் இரும்புத் தகடு. உள்ளே இருப்பது எஃகுச் சட்டகம், அதன்மேல் இந்தப் பலகைகளைத் திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பானட்டில் ஒட்டும், கதவில் வைத்தால் கீழே விழும். ஒரு நிமிஷ வேலை. அதைக்கூடச் செய்து பார்க்காமல் ஒரு காரைப் பொம்மை என்று எழுதலாமா?

டெட்ராய்ட்வாசி:
எனக்கென்று தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம். கார் உதிரிபாகத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவன் நான். காந்தத்தை வைத்து எனக்குக் கார் சொல்லித்தர வேண்டாம்.

அந்தக் காரை எதைச் சொல்லி விற்றார்கள்? பிளாஸ்டிக்கைச் சொல்லித்தானே? கடைத் தள்ளுவண்டி இடித்தாலும் சொட்டை விழாது, துரு பிடிக்காது என்பதுதானே பேச்சு? பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி விட்டிருந்தார்கள். ஏன்? வெயிலில் பிளாஸ்டிக் விரியும், அதனால்தான். ஊரே அதைப் பிளாஸ்டிக் கார் என்றுதான் சொன்னது, நானும் சொன்னேன். பானட்டும் அதில் சேர்த்திதான்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் பானட்டைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். 1985 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) தலைவர் ரோஜர் ஸ்மித் சாட்டர்ன் என்ற புதுக் கம்பெனியை அறிவித்தபோது சொன்ன முதலீடு 500 கோடி டாலர். டென்னஸியில் ஸ்பிரிங் ஹில் ஆலையிலிருந்து முதல் கார் வெளியே வந்தது 1990 ஜூலை 30. அவர் ஓய்வுபெறும் நேரத்தில்தான் கார் கண்ணில் பட்டது. ஜப்பான்காரனின் சின்னக் கார்களை அடிக்கக் கிளம்பியவர்களுக்கு ஐந்தரை வருஷம் போய்விட்டது. அதற்குள் ஹோண்டாவும் டொயோட்டாவும் எங்கேயோ போய்விட்டன. மூடினதற்குக் காரணம் இதில் இருக்கிறது. பானட்டில் இல்லை.

பழையசாவி:
பானட்டை இறக்கி வைக்க முடியாது, கணக்குப்பிள்ளை. பொய் அங்கேதான் ஆரம்பித்தது. பானட் இரும்பு. மறுபடி சொல்கிறேன், இரும்பு.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று கேட்டால் சொல்கிறேன். நாக்ஸ்வில்லில் படித்து முடித்துக் கையில் முதல் சம்பளம். முதலில் வேறொரு ஷோரூமுக்குப் போனேன், பெயர் வேண்டாம். நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள். "மேனேஜரைக் கேட்டு வருகிறேன்" என்று விற்பனையாளர் உள்ளே போவார், வருவார், ஒவ்வொரு தடவையும் விலை ஏறும். என் ஆங்கிலத்தைக் கேட்டதுமே இவன் தலையில் மிளகாய் அரைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சாட்டர்ன் ஷோரூம். கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைதான் விலை. எனக்கும் அதே, எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவருக்கும் அதே. பேரம் கிடையாது. வண்டியைக் கொடுக்கும்போது அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்று கைதட்டினார்கள், ஒரு போலராய்டு படம் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அந்தப் படம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஓரம் மஞ்சளாகிவிட்டது, சட்டையின் நிறம்கூட மங்கிவிட்டது, ஆனால் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. அந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷத்தில் என்னை மனுஷனாக மதித்து எவனாவது கைகொடுத்தான் என்றால் அந்த இடத்தில்தான்.

அப்படிப்பட்ட காரைப் பற்றித் தெரியாமல் ஒரு வரி எழுதினால் விடமாட்டேன்.

டெட்ராய்ட்வாசி:
உங்கள் நினைவை நான் குறை சொல்லவில்லை ஐயா. ஆனால் கைதட்டினால் கார் நல்ல கார் ஆகிவிடாது.

நான் மிச்சிகனில் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்பிரிங் ஹில்லுக்கு அள்ளிக் கொடுத்த காசு எங்கிருந்து வந்தது? ஜிஎம்மின் பழைய பெயர்களான ஷெவர்லே, ஓல்ட்ஸ்மொபில் எல்லாம் பட்டினி கிடந்ததில் வந்தது. ஓல்ட்ஸ்மொபில் 1897-இல் பிறந்த பெயர். 2004-இல் செத்தது. மூத்த பிள்ளைக்குக் கஞ்சிகூட இல்லை, கடைக்குட்டிக்குக் கறிச்சோறு. எங்கள் பக்கம் எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் எஸ்எல்2 சேர்ந்த எஸ் வரிசையின் 1.9 லிட்டர் என்ஜின் எண்ணெய் குடிக்கும் என்பதும் ஊரறிந்த விஷயம். பிஸ்டன் வளையத்துக்குப் பின்னால் எண்ணெய் வடியப் போதுமான துளை இல்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள், காந்தத்தை அப்புறம் பார்க்கலாம்.

பழையசாவி:
எண்ணெயா? சொல்கிறேன். குழந்தை பிறந்த வருஷம் எண்ணெய் மாற்றுவதை நான்தான் இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். தப்பு என்னுடையது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் அளவுகோலை இழுத்துத் துடைத்துப் பார்க்காமல் இருந்ததில்லை. 2,31,000 மைல் வரை என்ஜினைப் பிரிக்கவே இல்லை. டைமிங் பெல்ட் மாற்றும் செலவும் கிடையாது, அதில் இருந்தது செயின்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள். பானட் எதனால் ஆனது?

டொரண்டோவாசன்:
அண்ணை, நானும் ஒரு சாட்டர்ன் வாகன் வைச்சிருந்தனான், அதால வந்தன். இங்க றோட்டில கொட்டுற உப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரரின்ர வான் கதவு அரிச்சு ஓட்டை விழுந்து போச்சு. என்ர கதவில ஒரு புள்ளி துரு இல்லை. ஆனா ஒண்டு சொல்ல வேணும். ஒரு தை மாசம், மைனஸ் 20-க்கும் கீழ, பனி வழிக்கேக்க சவளின்ர பிடியாலை நானே தெரியாமக் கதவில இடிச்சுப் போட்டன். நெளியேல்லை, அப்பிடியே வெடிச்சுப் போச்சு. பழைய கார் யார்டில அதே நிறத்தில ஒரு கதவுப் பலகை எடுத்து, பின்னேரத்துக்குள்ள நானே பூட்டினன். பெயின்ற் அடிக்கவும் இல்லை.

பொனற்றில துரு வந்தது. அப்ப அது இரும்புதானே?

ஹூஸ்டன்பையன்:
அமெரிக்காவில் அதற்குப் பெயர் ஹூட். பானட், பொனற் எல்லாம் பிரிட்டிஷ்காரன் சொல்வது. அமெரிக்கக் காரைப் பற்றி எழுதும்போதாவது சரியான வார்த்தையில் எழுதுங்களேன்.

டொரண்டோவாசன்:
தம்பி, நான் பிறந்த ஊரில அது பொனற். செத்தாலும் பொனற்தான்.

பழையசாவி:
டொரண்டோவாசன், நூறு வருஷம் நல்லா இருங்கள். துரு வந்தது என்றால் இரும்பு. பிளாஸ்டிக் துருப்பிடித்து எவனும் பார்த்ததில்லை. டெட்ராய்ட்வாசி இதைப் படித்தாரா?

டெட்ராய்ட்வாசி:
படித்தேன். கதவு கண்ணாடி மாதிரி வெடித்ததையும் சேர்த்தே படித்தேன். உங்களுக்கு அந்த வரி மட்டும் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

சரி, உங்கள் வாதப்படியே வருகிறேன். பானட் இரும்பு என்றால் அது துருப்பிடிக்கும், சொட்டை விழும். அப்படியானால் பிளாஸ்டிக் என்று தட்டிக் காட்டி விற்றது பாதி உண்மைதானே? இரண்டு பக்கமும் உங்களுக்கு அடிதான்.

பழையசாவி:
நேற்று எல்லாமே பிளாஸ்டிக். இன்றைக்கு "இரும்பு என்றால்". இந்த "என்றால்" எங்கிருந்து வந்தது? நேராக "தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று இரண்டு வார்த்தை எழுத மாட்டீர்களா?

தள்ளுவண்டி எங்கே இடிக்கும்? கதவில் இடிக்கும். வாகன நிறுத்தத்தில் பானட்டின்மேல் எவன் தள்ளுவண்டியை ஏற்றுகிறான்? எங்கே அடி விழுமோ அங்கே பிளாஸ்டிக் போட்டார்கள். அதைச் செய்தவர்களுக்கு மூளை இருந்தது.

கணக்குப்பிள்ளை:
மூளையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதிக விற்பனை 1994-இல், சுமார் 2,86,000 கார். அந்தக் கோடையில்தான் கார் வைத்திருந்த 44,000 பேர் ஸ்பிரிங் ஹில்லுக்குத் திருவிழாவுக்குப் போவது மாதிரி போனார்கள். அடுத்த புது வண்டியான எல் வரிசை எப்போது வந்தது? 1999-இல். அதுவும் ஐரோப்பாவில் ஓடிய ஓப்பல் வெக்ட்ராவைத் தழுவியது, ஸ்பிரிங் ஹில்லில் செய்தது இல்லை, டெலவேரில் செய்தது. முதல் கார் வாங்கினவனுக்குக் குழந்தை குட்டி வந்து பெரிய வண்டி தேவைப்பட்டபோது கொடுக்க இவர்களிடம் ஒன்றுமில்லை. அவன் ஹோண்டாவுக்குப் போனான்.

டெட்ராய்ட்வாசி:
ஹோண்டா என்றதும் ஞாபகம் வருகிறது. 2004 முதல் 2007 வரை சாட்டர்ன் வியூவில் இருந்த வி6 என்ஜின் யாருடையது? ஹோண்டாவுடையது! ஜப்பான்காரனை அடிக்கப் பிறந்த கம்பெனி ஜப்பான்காரனிடமே என்ஜின் வாங்கிப் போட்டது. இதற்கு என்ன சொல்வார் பழையசாவி?

அப்புறம் சாட்டர்னின் இன்னொரு கார், அயான். 2014-இல் திரும்ப அழைத்தார்களே, ஓடும்போதே சாவி போடும் சுவிட்ச் நழுவி என்ஜின் நின்று, காற்றுப்பை விரியாமல் போன வண்டிகள். அந்தப் பட்டியலில் சாட்டர்ன் அயானும் இருந்தது. அந்த சுவிட்ச் விவகாரத்தில் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124.

பழையசாவி:
அயானை நான் தூக்கிப் பேசினேனா? அந்த சுவிட்ச் ஷெவர்லே கோபால்ட்டிலும் இருந்தது. உங்கள் செல்லப்பிள்ளை ஷெவர்லே! அது ஜிஎம்மின் பாவம். சாட்டர்னைத் தனிக் கம்பெனியாக விட்டிருந்த காலத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் தெரியுமா? 1991-இல் என்ஜினைக் குளிர்விக்க ஊற்றிய திரவத்தில் கோளாறு என்று தெரிந்ததும் 1,800-க்கும் மேற்பட்ட காரைச் சரிசெய்து கொடுக்கவில்லை, முழுசாகப் புதுக் காரையே மாற்றிக் கொடுத்தார்கள்.

உழைப்பாளிகளும் அப்படித்தான். சம்பளத்தில் ஒரு பங்கைத் தரத்தோடும் உற்பத்தியோடும் கட்டிக்கொள்ள அவர்களே ஒப்புக்கொண்டார்கள். முதல் காரை ரோஜர் ஸ்மித் தொழிற்சங்கத் தலைவர் ஓவன் பீபரோடு சேர்ந்து ஓட்டி வந்தார். முதலாளியும் சங்கமும் ஒரே காரில்! அதைக் கெடுத்தது டெட்ராய்ட். உங்கள் ஊர்.

டெட்ராய்ட்வாசி:
என் ஊரை இழுக்காதீர்கள். டெட்ராய்ட்டில் வேலை போய் வீட்டை இழந்தவர்களை நான் நேரில் பார்த்தவன். ஸ்பிரிங் ஹில்லில் இருந்தவர்கள் வானத்திலிருந்தா குதித்தார்கள்? மிச்சிகனில் ஆலை மூடி அங்கே போனவர்கள் எத்தனையோ பேர். 2003 கடைசியில், சம்பளத்தைத் தரத்தோடு கட்டிய அந்தத் தனி ஒப்பந்தமே வேண்டாம், எல்லாரையும் போல தேசிய ஒப்பந்தம் போதும் என்று ஓட்டுப் போட்டதும் அந்த உழைப்பாளிகள்தான். அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.

ஹூஸ்டன்பையன்:
எப்படி இருந்தாலும் அது அமெரிக்காவுக்கு மட்டும் செய்த கார். வலது பக்க ஸ்டீயரிங்கூட வந்ததில்லை. உலகத்தில் எங்கே போட்டி போட முடியும்?

டொரண்டோவாசன்:
தம்பி, வந்தது. 1997-ல ஜப்பானிலயே கொண்டுபோய் வித்தவை, வலப்பக்க ஸ்டியறிங்கோட. அமெரிக்காவில கிராமத்துத் தபால்காரருக்கெண்டும் வலப்பக்க ஸ்டியறிங் வாகன் வந்தது. ஹூட் எண்டு சொல்லத் தெரிஞ்சாப் போதாது.

ஹூஸ்டன்பையன்:
ஜப்பானில் எத்தனை விற்றது என்று சொல்லுங்கள் பார்ப்போம். சில வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியதுதானே? அது வந்த கணக்கா, போன கணக்கா?

கணக்குப்பிள்ளை:
மூட்டை கட்டியது ஜப்பானில் மட்டும் இல்லை. 2009 ஜூனில் ஜிஎம் திவால். கார் வியாபாரி ரோஜர் பென்ஸ்கி சாட்டர்னை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. பிற்பாடு கார் செய்து கொடுக்கப் பிரான்சின் ரெனோ வரும் என்று நம்பினார்கள், ரெனோ நிர்வாகக் குழு வேண்டாம் என்றது. செப்டம்பர் 30-ஆம் தேதி பென்ஸ்கி கைவிட்டார். 2010 அக்டோபரோடு கடை அடைப்பு. இதைப் பற்றி ஒருவராவது பேசுவீர்கள் என்று பார்க்கிறேன்.

பழையசாவி:
அதைப் பேசினால் எனக்கு வயிறு எரியும். டெட்ராய்ட்வாசி, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பானட்.

டெட்ராய்ட்வாசி:
உங்களுடையது 1994. முதல் வருஷத்துக் காரில் என்ன போட்டார்கள் என்று நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களா?

பழையசாவி:
அதுவும் அதேதான்! எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷத்தில் ஒரு காயலான் கடை இருக்கிறது. அங்கே 1991 எஸ்எல்1 ஒன்று கிடக்கிறது, கதவு இரண்டு கழற்றியிருக்கிறார்கள், பானட் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை காந்தத்தோடு போகிறேன். படம் போடுகிறேன்.

டெட்ராய்ட்வாசி:
போடுங்கள். அது ஒரிஜினல் பானட்தான், பின்னால் மாற்றியது இல்லை என்பதற்கும் சேர்த்துப் படம் போடுங்கள்.

டொரண்டோவாசன்:
அண்ணை, போற போக்கில அந்தக் காரில இடப்பக்கப் பின் விளக்கு நல்லா இருந்தா எனக்கு ஒண்டு எடுத்து வையுங்கோ. என்ர மச்சானிட்ட இன்னும் ஒண்டு ஓடுது.