பிபியால் கிட்னியில் புற்று வருமா? இல்லை, மாத்திரையாலா?

பொன்னி:
பல வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுபவருக்கு, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் வலது கிட்னியில் 3 செ.மீ. கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பிபியால் கட்டி வந்ததா, கட்டியால் பிபி ஏறியதா, மாத்திரைதான் வினையா? பிபி உள்ள எல்லோரும் வருடாவருடம் ஸ்கேன் எடுக்கணுமா?

நுண்நோக்கி:
தயவுசெய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்வீடனில் கட்டட வேலை செய்த சுமார் 3.64 லட்சம் ஆண்களை 1995 வரை கவனித்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். 759 பேருக்கு ரீனல் செல் புற்று (கிட்னியில் அதிகம் வரும் புற்று வகை). பிபி ஏற ஏற ஆபத்தும் ஏறியது. கட்டி முன்பே ஒளிந்திருந்து பிபியை ஏற்றியிருக்குமோ என்று முதல் 5 வருடக் கணக்கைக் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் தொடர்பு மாறவில்லை. 6ஆம் வருடம் மறுபடி அளந்ததில் பிபி இறங்கியிருந்தவர்களுக்கு ஆபத்தும் குறைந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. புகையும் உடல் பருமனும் தனிக் காரணங்கள், அவற்றையும் விடக்கூடாது.

வைகைக்கரை:
கட்டியால் பிபி ஏறுவதும் உண்டு. சில கட்டிகள் பிபியை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும், சில ரத்தக்குழாயை நெரிக்கும். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிபி, திடீர் ஏற்றம், சிறுநீரில் ரத்தம் என்றால் ஸ்கேன் கட்டாயம். வெறும் பிபிக்காக வருடாவருடம் வேண்டாம். தீங்கில்லாத நீர்க்கட்டியைப் பார்த்துப் பயந்து அலைவதுதான் மிச்சம். குடும்பத்தில் விஹெச்எல் என்ற, கிட்னியில் கட்டி வரவைக்கும் பரம்பரை நோய் இருந்தால் கதை வேறு. அவர்களுக்கு கிட்னிக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரலாம். அதைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் டெஸ்ட்டை ஆபரேஷனுக்கு முன் பார்க்காமல் விட்டால் டேபிளிலேயே பிபி எகிறும்.

மாத்திரைப்பெட்டி:
புற்று சிகிச்சையும் பிபியை ஏற்றும். சுனிடினிப், பாசோபனிப், ஆக்ஸிடினிப் என்ற கிட்னிப் புற்று மாத்திரைகள் மூன்றுமே அப்படித்தான். காலை, மாலை அளந்து எழுதுங்கள்: 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முழுக்கைச் சட்டையைச் சுருட்டி இறுக்கிவிட்டு அளந்தால் எண் தப்பாக வரும். சுனிடினிப்பை 4 வாரம் சாப்பிட்டு 2 வாரம் விடும்போது பிபி இறங்கும். பிபி மாத்திரை அளவு அப்படியே இருந்தால் தலை சுற்றும், டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். பிபி மாத்திரைகளில் டில்டியாசெம், வெரப்பமில் வேண்டாம், புற்று மருந்து உடம்பில் தேங்கிவிடும். ஒரு கிட்னி எடுத்தவர்கள் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது.

பொன்னி:
எவ்வளவு வந்தால் உடனே ஓடணும்?

மாத்திரைப்பெட்டி:
180/120 தாண்டி, கூடவே கடும் தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவு. எதுவும் இல்லையென்றால் 5 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டருக்கு போன்.