மறுமொழி: ‘டிஸ்கவுண்டிங்’ – கழிவு வேண்டாம், காலவகுத்தல்

எல்லோருக்கும் வணக்கம்.

வருங்காலத்தில் கிடைக்கும் தொகையின் இற்றைப் பெறுமதியை, அதாவது இன்றைய மதிப்பைக் காணும் ‘டிஸ்கவுண்டிங்’ கணக்குக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று கேட்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். திருகோணமலையில் நிதி முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அதனால் இந்தச் சொல் எப்படி அமைகிறது என்பதில் எனக்குப் பெரிய அக்கறை உண்டு.

எங்கள் பிள்ளைகள் உயர்தரம் வரை கணக்கீட்டைத் தமிழில் படிக்கிறார்கள். பிறகு கோணேசபுரியில் இருக்கும் வளாகத்துக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போனால் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். விரிவுரையில் கேட்ட ஆங்கிலச் சொல்லை, தெரிந்த தமிழ்ச் சொல்லோடு மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். ‘டிஸ்கவுண்ட்’ என்றால் கழிவு. வியாபாரக் கழிவு, காசுக் கழிவு என்று ஏற்கெனவே பழகிய சொல். 10 வீதக் கழிவு என்றால் நூறில் பத்தைக் கழி, 90 ரூபா. அந்த இடத்தில் அது முழுக்கச் சரி.

அதே பிள்ளையிடம், ‘அடுத்த வருடம் 110,000 ரூபா கிடைக்கும், வீதம் 10, இற்றைப் பெறுமதி என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். 99,000 என்று எழுதும். 110,000 இல் 10 வீதத்தைக் கழித்துவிட்டது. விடை 100,000. இன்றைய ஒரு இலட்சம்தான் 10 வீதத்தில் வளர்ந்து 110,000 ஆகிறது. ஆகவே திரும்பி வரும்போது 1.1 ஆல் வகுக்க வேண்டும். பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. சொல் ‘கழி’ என்றது, அது கழித்தது.

சின்னப் பிழைதானே என்று நினைக்க வேண்டாம். போன மாதம் நான் கொடுத்த கணக்கு இது. ஒருவர் 12 இலட்சம் போட்டு ஒரு ஃபைபர் படகும் எஞ்சினும் வாங்குகிறார். செலவு போக வருடத்துக்கு 5 இலட்சமாக மூன்று வருடம் வருமானம் வரும். அதன்பிறகு படகுக்கு விலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீதம் 12. சரியாக வகுத்தால் மூன்று வருட வருமானத்தின் இற்றைப் பெறுமதி 1,200,916 ரூபா. போட்ட 12 இலட்சத்தைக் கழித்தால் மிஞ்சும் தேறிய இற்றைப் பெறுமதி 916 ரூபா, நூலிழையில் மிகை. வருடா வருடம் 12 வீதத்தைக் கழித்துக்கொண்டே போனால் 1,167,936 தான் வரும். அதாவது 32,064 ரூபா குறை. முதல் விடை ‘படகை வாங்கு’ என்கிறது, இரண்டாவது ‘வாங்காதே’ என்கிறது. முடிவே தலைகீழாகிவிட்டது. அன்று வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவது விடையோடுதான் வந்தார்கள்.

இனி இழையில் வந்தவற்றுக்கு வருகிறேன்.

> தமிழ்நாட்டில் தள்ளுபடி வீதம் என்று எழுதுகிறோம். அதையே பொதுவாக வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, தள்ளுபடி என்றதும் இங்கே நினைவுக்கு வருவது புடவைக் கடை, இல்லாவிட்டால் கடன் தள்ளுபடி, வழக்குத் தள்ளுபடி. கழிவில் உள்ள அதே சிக்கல் இதிலும் இருக்கிறது. இரண்டுமே ஒரு தொகையிலிருந்து ஒரு பகுதியை விட்டுவிடுவதைத்தான் சொல்கின்றன.

> இற்றைப்படுத்தல் அழகான சொல். இற்றைப் பெறுமதியோடு ஒத்தும் போகும்.

அழகுதான், அக்கா. எனக்கும் முதலில் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கணினித் தமிழ் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. கைபேசிச் செயலியை இற்றைப்படுத்துகிற பிள்ளை காசுப் பாய்ச்சலை (வந்துபோகும் காசை) இற்றைப்படுத்து என்றால், புதிய தரவு போடச் சொல்கிறோம் என்றே நினைக்கும்.

> வட்டி பிரித்தல் என்று சொன்னால் என்ன? வருங்காலத் தொகையில் கலந்திருக்கும் வட்டியைப் பிரித்தெடுக்கிறோம்.

இதுவரை வந்தவற்றில் பொருளுக்கு மிகக் கிட்ட வருவது இதுதான். 110,000 இல் ஒளிந்திருக்கும் 10,000 ஐப் பிரித்தெடு என்றால் யாரும் 11,000 ஐக் கழிக்க மாட்டார்கள். இருந்தும் இரண்டு காரணங்களுக்காக நான் இதை ஏற்கவில்லை. ஒன்று, அந்த வீதம் எப்போதும் வட்டியாக இருப்பதில்லை. பங்குதாரர் எதிர்பார்க்கும் வருவாயாக இருக்கலாம், கம்பனி மூலதனம் திரட்டுவதற்கான செலவாக இருக்கலாம், அமையச் செலவாகவும், அதாவது கைவிட்ட வேறொரு முதலீட்டில் கிடைத்திருக்கக்கூடிய வருவாயாகவும் இருக்கலாம். மற்றது எனக்கு அதைவிட முக்கியம். என்னிடம் வருகிறவர்களில் கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பிள்ளைகள் நிறையப் பேர். வட்டி அவர்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. வட்டியில்லா முறையில் பொருளை வாங்கி, இலாபம் வைத்துத் தவணைக்கு விற்கும் உடன்படிக்கையைப் பற்றியும் அவர்கள் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் திட்டங்களை ஒப்பிடும் கணக்கின் பெயரிலேயே வட்டி என்று எழுதி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கலைச்சொல் என்பது வகுப்பில் இருக்கிற எல்லோரும் மனத்தடை இல்லாமல் வாய்திறந்து சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

சரி, என் முன்மொழிவு: காலவகுத்தல்.

இதைத் தனியாகப் பார்க்காமல் இணையாகப் பாருங்கள். இன்றைய தொகையை வருங்காலத்துக்குக் கொண்டுபோவது காலப்பெருக்கல். வருங்காலத் தொகையை இன்றைக்குக் கொண்டுவருவது காலவகுத்தல். பெருகுதல் என்றால் வளர்தல் என்று தமிழில் ஏற்கெனவே பொருள் இருக்கிறது. பெருக்கல் கணக்கும் அதே வேர். ஒன்று தெரிந்தால் மற்றது அதன் எதிர்ச்செயல் என்று மூன்றாம் வகுப்பில் படித்த பிள்ளைக்கும் விளங்கும். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

‘காலத்தைத் துண்டு துண்டாக வகுப்பது’ என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற கேள்வி வரும். வரட்டும். இதை இரண்டாம் வேற்றுமையாக விரிக்காமல் மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரிக்க வேண்டும். ‘தலைவணங்கினான்’ என்பது தலையால் வணங்கினான் என்று விரிவதுபோல, இது காலத்தால் வகுத்தல். ஒரு தொகையை, காலம் அதற்குக் கொடுத்த வளர்ச்சியால் வகுக்கிறோம்.

வீதத்துக்கு ‘காலவகுத்தல் வீதம்’ என்பது நீளம். பரீட்சைத் தாளில் பத்துத் தடவை எழுத வேண்டிய சொல். ‘வகுவீதம்’ போதும். சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகையாக நிற்கும். ‘வகுவீதம் 12 எனின் தேறிய இற்றைப் பெறுமதியைக் காண்க’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தடங்கல் இல்லை.

கழிவை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடையில் அது இருக்கட்டும். ஏலச்சீட்டிலும் இருக்கட்டும், அங்கே கழிவு கேட்டு எடுக்கிறவர் உண்மையாகவே ஒரு தொகையைக் கழித்துவிட்டுத்தான் மீதியை வாங்குகிறார். அரசு குறுகிய காலக் கடனுக்காக விற்கும் பத்திரமான திறைசேரி உண்டியல் கொஞ்சம் இடைப்பட்டது. 91, 182, 364 நாள் உண்டியல்கள் முகப்பெறுமதிக்குக் குறைவான விலையில் விற்கப்படுகின்றன, முதிர்வில் முழுத்தொகை கிடைக்கிறது. பார்வைக்குக் கழிவுதான். ஆனால் வருடத்துக்கு 10 வீத விளைவு (வருவாய்) வேண்டுமென்றால் 364 நாள் 100 ரூபா உண்டியலுக்கு 90 ரூபா கொடுப்பதில்லை, ஏறத்தாழ 90 ரூபா 91 சதம் கொடுக்க வேண்டும். ‘கழிவில் விற்றல்’ என்பதை விற்பனைக்கு வைத்துக்கொண்டு, விலை காணும் முறையைக் காலவகுத்தல் என்று சொல்லலாம். 90 க்கும் 90.91 க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு முடிச்சு எனக்கு அவிழவில்லை. இற்றைப் பெறுமதி காண்பதற்கான அட்டவணையில், தொகையோடு பெருக்குவதற்காக இருக்கும் காரணிக்கு என்ன பெயர்? 1582 இலேயே சைமன் ஸ்டெவின் என்ற ஃபிளெமியக் கணித அறிஞர் வட்டி அட்டவணைகளை அச்சிட்டார். வகுத்தலின் சுமையை முன்கூட்டியே செய்து வைத்துவிடுவதுதான் அட்டவணையின் பயன். 12 வீதத்தில் ஒரு வருடத்துக்கான 0.8929 என்பது 1 ஐ 1.12 ஆல் வகுத்து வந்தது. அதைத் தொகையோடு நாம் பெருக்குகிறோம். இதற்கு ‘வகுகாரணி’ என்று பெயர் வைத்தால் பிள்ளை 0.8929 ஆல் வகுத்துவிடும். ஒரு பிழையை அடைக்கப் போய் இன்னொன்றைத் திறந்துவிடுவோம். அதனால் ‘இற்றைக் காரணி’ என்று எழுதிப் பார்த்தேன். கரும்பலகையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலவகுத்தலோடு அதற்குச் சொல்லளவில் ஒட்டுறவு இல்லையே என்று மனது உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அடுத்த பாடம். படகுக் கணக்கையே இந்தப் புதிய சொற்களோடு மறுபடி கொடுக்கப் போகிறேன். அதற்கு முன் காரணிக்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.