வேலூரில் இருந்துகொண்டு டேட்டிங் ஆப் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 30 வயது, சொந்த ஊர் குடியாத்தம், அப்பா தறி வைத்திருந்தவர். வேலூரில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை, இரண்டு தோழிகளோடு சத்துவாச்சாரியில் வாடகை வீடு. வீட்டில் மூன்று வருடமாக வரன் பார்க்கிறார்கள். மேட்ரிமோனியில் பதிந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்தக் கணக்கு அப்பா போனில் இருக்கிறது, யார் வந்தார்கள் யாரை வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் ஜாதகம் பொருந்திய பிறகுதான் என் காதுக்கு வரும். பெண் பார்க்க வந்த அன்று பத்து நிமிடம் மொட்டை மாடியில் பேசிவிட்டு முடிவு சொல்ல என்னால் முடியவில்லை. கொஞ்சம் பேசிப் பழகிவிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு ஆப் போட்டேன். வந்தவர்களில் பாதி பேர் 20, 21 வயது கல்லூரிப் பையன்கள். அப்புறம் 2 கி.மீ. தொலைவில் என்று காட்டும், பார்த்தால் சிகிச்சைக்காக வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளத்துக்காரர், அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவார். இதற்கு நடுவில் என் சித்தப்பா பையனுடைய நண்பன் முகம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், அன்று ராத்திரியே ஆப்பையும் எடுத்துவிட்டேன். நம்ம ஊரில் இதெல்லாம் நடக்குமா? எந்த ஆப் பரவாயில்லை, சொந்தக்காரர் கண்ணில் படாமல் எப்படி இருப்பது, முதல் தடவை எங்கே சந்திப்பது? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

நான் 33 வயது ஆண், இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். முதலில் அந்தப் பையன் விஷயம்: அவனும் அங்கேதானே இருந்தான்? உங்களைப் பார்த்திருந்தால் அவனும் உங்களைப் போலவே பயந்திருப்பான். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வயது வரம்பை 28-க்கு மேல் வையுங்கள், கல்லூரிக் கூட்டம் போய்விடும். தூரத்தை 50 கி.மீ. வைத்தால் ராணிப்பேட்டை, ஆம்பூர் வரைக்கும்தான் வரும், உங்கள் வயதுக்காரர்கள் அதற்குள் ரொம்பக் குறைவு. 150 வையுங்கள், சென்னை வந்துவிடும். நம்ம பையன்கள் பாதி பேர் வேலைக்காக அங்கேதான் இருக்கிறார்கள், காட்பாடியில் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம், சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் பாருங்கள், எல்லாம் நம்ம ஊர் முகம்தான்.

எந்த ஆப் என்றால், டிண்டரில் கூட்டம் அதிகம், என்ன நோக்கத்தோடு வந்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். பம்பிளில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் லைக் போட்டு மேட்ச் ஆனால் 24 மணி நேரத்துக்குள் பெண் முதலில் பேச வேண்டும், அல்லது அவள் முன்பே போட்டு வைத்த கேள்விக்கு அவன் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த மேட்ச் போய்விடும், அதனால் கண்டவர்களிடமிருந்து ஹாய் வந்து குவியாது. லேபில் உங்களுக்கு நைட் ஷிப்ட் இருந்தால் அந்த 24 மணி நேரம் இடிக்கலாம். உங்களுக்கு நான் சொல்வது ஹிஞ்ச். அதில் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், எதிரில் இருப்பவர் குறிப்பாக ஒரு பதிலையோ படத்தையோ தொட்டுத்தான் லைக் போட முடியும். பேச்சு அங்கிருந்தே ஆரம்பிக்கும். பதிலைத் தமிழில் எழுதுங்கள். பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும் என்று எழுதினால் அதற்கு யார் என்ன பதில் சொல்வது? தறிச் சத்தம் நின்றால் தூக்கம் கலைந்துவிடும் வீட்டில் வளர்ந்தவள் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், கேட்பதற்கு ஒருவனுக்கு ஆயிரம் இருக்கும்.

டிண்டர், ஹிஞ்ச் இரண்டிலும் போனில் இருக்கும் எண்களைத் தடுத்து வைக்கும் வசதி இருக்கிறது. சித்தப்பா, மாமா, ஆபீஸ் ஆட்கள் எல்லோரையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். உங்களிடம் எண் இல்லாதவர்களை அது தடுக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை அக்கா:

தங்கச்சி, என் வயது 43, கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. நான் சொல்வது எந்த ஆப்புக்கும் பொருந்தும்.

எனக்கு வந்தவர் வெளிநாட்டில் கப்பல் இன்ஜினியர் என்றார். நான்கு மாதம் தினமும் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்பார். வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லாமல் போன எனக்கு அந்த ஒரு கேள்வி எவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்பியிருக்கிறேன் என்று கூரியர் ரசீது அனுப்பினார். இரண்டு நாள் கழித்து டெல்லி கஸ்டம்ஸில் இருந்து பேசுகிறோம், பார்சலில் பணம் இருக்கிறது, வரி கட்டுங்கள் என்று ஒரு பெண் பேசினாள். யுபிஐயில் இரண்டு தவணையாக 38,000 ரூபாய் போட்டேன். மூன்றாவது தடவை 65,000 கேட்டபோதுதான் அந்த ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாட்டில் அவர் என் பெயரை எப்போதும் ஒரு எழுத்து தப்பாகத்தான் எழுதுவார். ரசீதிலும் அதே தப்பு அச்சாகியிருந்தது. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அப்படியே நின்றேன்.

வெட்கத்தில் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்திருந்தால் பணம் போன கணக்கை முடக்கிப் பார்த்திருப்பார்கள், நான் பேசுவதற்குள் அதில் ஒன்றும் மிச்சமில்லை. யார் படம் அனுப்பினாலும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடு, வேறு யாரோ ஒருவர் பெயரில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள். நேரில் பார்க்காத ஆளுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதே, அவன் கிரிப்டோவில் போட்டு இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்றாலும் சரி, அம்மா ஐசியூவில் என்றாலும் சரி. அந்தரங்கமான படம், வீடியோ எதுவும் வேண்டவே வேண்டாம். யாராவது அப்படி மிரட்டினால் பணம் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடி கேட்பான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடு.

தொரப்பாடி வானம்:

என் கணவரை ஆப்பில்தான் பார்த்தேன், கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆக, நடக்கும்.

காட்பாடி நண்பர் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பையனும் பயந்திருப்பான் என்கிறார். அவனைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் வீட்டில் சிரித்துவிட்டு விடுவார்கள், உங்களைப் பார்த்தேன் என்றால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்பார்கள். இரண்டும் ஒன்றில்லை. அதனால் வீட்டில் ஒருவரிடமாவது முன்பே சொல்லி வையுங்கள். நான் அண்ணியிடம் சொன்னேன். பிறகு எங்கள் தெருவில் பேச்சு வந்தபோது எனக்குத் தெரியும் என்று அவர்தான் எழுந்து பேசினார்.

படங்களைப் பாருங்கள். அடையாள அட்டை, யூனிஃபார்ம், வண்டி நம்பர், வீட்டு வாசல் எதுவும் தெரியக் கூடாது. சத்துவாச்சாரி மலை பின்னால் தெரிகிற மாடிப் படம் போட்டால் எந்தத் தெரு என்று ஊர்க்காரன் சொல்லிவிடுவான். தெரு என்றதும் இன்னொன்று. அப்பா எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று இரண்டாம் நாளே கேட்பவர் சாதியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார். எனக்கு அப்படி ஏழெட்டு பேர். அவர்களோடு மாதக் கணக்கில் பேசி மனசை விடாதீர்கள். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எப்போதுமே போன் எடுக்காதவருக்குக் குடும்பம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

சந்திப்பது பகலில், ஆள் நடமாட்டமுள்ள ஹோட்டலில். கோட்டைப் புல்வெளி வேண்டாம், போகிற வருகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். அமிர்தி காடு, ஏலகிரி மலை என்று முதல் தடவையே கூப்பிட்டால் போகாதீர்கள். உங்கள் வண்டியில் போய் உங்கள் வண்டியில் திரும்புங்கள், தோழிக்கு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிடுங்கள். என்னவர் சென்னையில் இருந்து காலை ரயிலில் வந்தார், காட்பாடியில் டிபன் சாப்பிட்டோம். தனக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகி விவாகரத்து ஆனதை மூன்றாவது போன் காலிலேயே சொல்லியிருந்தார், நேரில் வந்தபோது தீர்ப்பு நகலையும் கொண்டுவந்து இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கேட்கவே இல்லை. அந்த இடத்தில்தான் எனக்கு மனசு நின்றது.

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு தடவை முழுதாகப் படித்தேன். முதல் படத்திலேயே அடையாள அட்டையின் நாடா தெரிந்தது, இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. அதை எடுத்துவிட்டேன். நேற்று அண்ணியிடம் சொன்னேன், ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, ஜாக்கிரதையாக இரு, யார் என்றாலும் என்னிடம் சொல் என்றார். நாளை லீவு, ஹிஞ்ச் போடப் போகிறேன், தறி வரியையும் எழுதிவிட்டேன். ராணிப்பேட்டை அக்கா, நீங்கள் இதை எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ராணிப்பேட்டை அக்கா:

நன்றியெல்லாம் எதற்கு. வீடியோ காலில் முகத்தைப் பார்க்காமல் நேரில் போகாதே. போய்விட்டு வந்து நல்லபடியாக வீடு சேர்ந்தேன் என்று இங்கே ஒரு வரி போடு, பார்த்துக்கொண்டிருப்பேன்.