கிளம்பும் தேதியைப் பிள்ளைகளிடம் எப்போது சொல்வது?

கீழ்வானம்:
வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பத்து வாரமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். காலையில் பாட்டும் படம் வரைதலும், மாலையில் விளையாட்டு. நாலு வயதிலிருந்து ஒன்பது வரை பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு இரண்டே ஆயாக்கள். இன்னும் பதினைந்து நாளில் கிளம்ப வேண்டும். பொறுப்பாளர், "கடைசி நாள் வரை வாயைத் திறக்காதே, சொன்னால் அழுதே தீர்த்துவிடுவார்கள்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நேற்று ஐந்து வயதுப் பையன் ஒருவன், எனக்கு முன்னால் வந்துபோன இரண்டு பேரின் பெயரைச் சொல்லி, "அவங்க எங்கே?" என்று கேட்டான். பதில் தெரியாமல் பந்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி:
பொறுப்பாளர் சொல்வதைக் கேளுங்கள். நான் இரண்டு முறை போய்வந்தவன். முதல் முறை பத்து நாள் முன்னாடியே சொன்னேன். பத்து நாளும் அழுகை. ஒரு சிறுமி சாப்பிடவே மாட்டேன் என்றாள். அவளைத் தேற்றியதெல்லாம் அங்கே வேலை செய்த ஆயாக்கள்தான், நான் இல்லை. அடுத்த முறை சொல்லாமல் கிளம்பினேன். இரண்டே நாளில் பிள்ளைகள் சகஜமாகிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நம் மன நிம்மதிக்காக அவர்களை ஏன் அழவைக்க வேண்டும்?

தாழம்பூ:
நெடுவழி, அந்த 'சகஜமாகிவிட்டார்கள்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. ஒரு காலத்தில் பிரிட்டனில் பல மருத்துவமனைகள், உள்நோயாளியான குழந்தையைப் பெற்றோர் பார்க்க வாரத்துக்குச் சில மணி நேரமே விட்டன. காரணம் இதேதான்: அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளை ஆய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அவள் அதிகம் அழவில்லை, அடக்கிக்கொண்டே இருந்தாள். பொதுவாகப் பிரிந்த குழந்தை முதலில் அழுது அடம்பிடிக்கும், பிறகு சோர்ந்துபோகும், கடைசியில் யாரும் வேண்டாம் என்று ஒட்டாமல் போகும். இந்த மூன்றாவது நிலையைத்தான் 'பழகிவிட்டது' என்று எல்லோரும் நினைத்தார்கள் என்றார். 1959-இல் பிரிட்டன் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோரைத் தடையின்றி விடச் சொன்னது. உங்கள் பிள்ளைகள் இரண்டு நாளில் தேறினார்களா, இல்லை கேட்பதை நிறுத்திக்கொண்டார்களா?

மணல்மேடு:
எப்போது சொல்வது என்பது இரண்டாவது கேள்வி. அந்த இல்லத்துக்கு ஏன் போனீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்களும் பணமும் வந்துகொண்டே இருந்ததும் இல்லங்கள் பெருக ஒரு காரணம். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இந்தத் தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட்டது. எவ்வளவு அழகாக விடைபெற்றாலும் அந்தப் பையனின் பட்டியலில் நீங்கள் மூன்றாவது பெயர்.

கீழ்வானம்:
மூன்றாவது பெயர் என்று படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. இந்த விவரமெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன். ஆனால் இப்போது இங்கே இருக்கிறேன்.

நெடுவழி:
மணல்மேடு, புள்ளிவிவரம் சரியாகவே இருக்கட்டும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டே ஆயாக்கள் இருக்கும் இடத்தில், ஒருவர் பத்து வாரம் மடியில் உட்காரவைத்துக் கதை சொன்னது வீணா? யாருமே வராமல் இருப்பது அதைவிட மேலா?

மணல்மேடு:
வீண் என்று சொல்லவில்லை. அந்த மடி நிலைக்காது என்கிறேன். ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் இல்லங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளை வைத்து 2000-க்குப் பிறகு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றினார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள்தான் நன்றாகத் தேறின. விடாமல் கூடவே இருக்கும் ஒரே ஆள்தான் குழந்தைக்கு வேண்டும். முதல் நாளே ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து நாம் நெகிழ்கிறோம். யாரிடமும் பேதமில்லாமல் ஒட்டிக்கொள்வது, நிலையான ஒருவர் இல்லாததின் அடையாளமாகவும் இருக்கலாம். உங்கள் விமானச் செலவில் மூன்றாவது ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

தாழம்பூ:
இதில் நான் மணல்மேடு பக்கம்தான். ஆனால் கீழ்வானத்துக்குப் பதினைந்து நாள் இருக்கிறது, அந்தப் பையனுக்கும் அதே பதினைந்து நாள். இப்போதே சொல்லுங்கள், அதுவும் காலையில். ராத்திரி சொன்னால் அழுகையோடு தனியாகப் படுப்பார்கள். 'இரண்டு வாரம்' என்றால் நாலு வயதுக்குப் புரியாது, தாளில் கட்டம் போட்டுத் தினமும் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். "உங்க மேல கோபமில்லை, நீங்க எந்தத் தப்பும் செய்யலை" என்பதை வாய்விட்டே சொல்லுங்கள், பிள்ளைகள் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். "திரும்பி வருவேன்" மட்டும் வேண்டாம். வகுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே இருக்கப்போகிறவர் கையில் கொடுங்கள். கடைசி வாரம் நீங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தால் போதும். பெரிய விருந்து, பரிசு எதுவும் வேண்டாம். அந்தப் பையன் கேட்ட இரண்டு பேரைப் பற்றியும் பேசுங்கள்.

நெடுவழி:
'திரும்பி வருவேன்' என்று நான் சொன்னதுண்டு. போகவில்லை. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் பதினைந்து நாள் நீளம் என்றே எனக்குப் படுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் போதும்.

கீழ்வானம்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். இன்று காலை சொல்லிவிட்டேன். பெரிய பெண்கள் மூன்று பேர் அழுதார்கள், நானும் அழுதேன். பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மாலையில் வந்து, "நாளைக்கு வருவியா?" என்றான். வருவேன் என்றேன். "அதுக்கு அடுத்த நாள்?" ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விரலாக மடக்கினான். அவன் விரல்கள் தீர்ந்ததும் என் கையை இழுத்து எண்ணினான். பதின்மூன்றாவது விரலில் நிறுத்தச் சொன்னேன். முந்தின இரண்டு பேரும் அவங்க வீட்டுக்குப் போய்விட்டார்கள், உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் கையை விடவும் இல்லை. நாளையிலிருந்து மூத்த ஆயா பாட்டு வகுப்பில் உட்காருகிறார்.