கிராஃபீன் டிரான்சிஸ்டரில் கார்ட்டிசால்: எதுவும் சேர்க்காத உமிழ்நீருக்கே 20 மில்லிவோல்ட் நகர்கிறதே, ஏன்?

சிப்பாளன்

உமிழ்நீரில் கார்ட்டிசால் (மன அழுத்த ஹார்மோன்) அளக்கும் சிப் இது: சிலிக்கான் ஆக்சைடு மேல் சிவிடி (ஆவியிலிருந்து படியவைத்த) கிராஃபீன், தங்க மின்முனைகள், 100 மைக்ரோலிட்டர் குழி. கேட் மின்முனை, குளோரைடு ஏற்றிய வெறும் வெள்ளிக் கம்பி. டிரெய்ன் 50 மில்லிவோல்ட். டிஎம்எஃப் கரைப்பானில் 5 மில்லிமோலார் பிபிஏஎஸ்இ (கிராஃபீனில் ஒட்டி ஆப்டாமரைப் பிணைக்கும் மூலக்கூறு) 2 மணி நேரம், பிறகு அமீன் முனை கொண்ட ஆப்டாமர் (கார்ட்டிசாலைப் பிடிக்கும் டிஎன்ஏ இழை) 1 மைக்ரோமோலார் இரவு முழுக்க, கடைசியில் மிஞ்சிய இணைப்பு முனைகளை அடைக்க எத்தனாலமீன்.

0.01 மடங்கு பிபிஎஸ்-இல் (பாஸ்பேட் உப்பு பஃபர்) கார்ட்டிசால் 1 முதல் 100 நானோமோலார் வரை ஏற்றினால் டிராக் புள்ளி (மின்னோட்டம் மிகக் குறையும் கேட் மின்னழுத்தம்) 8 மில்லிவோல்ட் அளவு ஒழுங்காக நகர்கிறது. அதே பஃபரில் 10 மடங்கு நீர்த்த உமிழ்நீரை விட்டால், கார்ட்டிசால் எதுவும் சேர்க்காமலே எதிர்மறைப் பக்கம் 20 மில்லிவோல்ட். வரிசை கலைத்த ஆப்டாமர் போட்ட சிப்பிலும் அதேதான். மேற்பரப்பில் புரதம் ஒட்டுகிறதா? பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) போட்டு அடைக்கலாமா?

மின்வேதி

புரதத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தக் கம்பியைச் சந்தேகப்படுங்க. வெறும் வெள்ளி–வெள்ளி குளோரைடு கம்பியின் மின்னழுத்தம், கரைசலில் குளோரைடு 10 மடங்கு மாறினால் 59 மில்லிவோல்ட் மாறும். 1 மடங்கு பிபிஎஸ்-இல் குளோரைடு சுமார் 140 மில்லிமோலார். உங்க பஃபரில் 1.4தான் இருக்கு. உமிழ்நீரில் 15 என்று வைத்தால், 10 மடங்கு நீர்த்த பின் கலவையில் 1.26 + 1.5 = 2.76. ஏறக்குறைய இரட்டிப்பு, அதாவது 17 மில்லிவோல்ட். உமிழ்நீரில் 20 இருந்தால் கிட்டத்தட்ட 22. திசையும் பொருந்துது: குளோரைடு கூடினால் கம்பியின் அழுத்தம் இறங்கும், அதனால் நீங்க கேட்டில் முன்பைவிடக் குறைவா கொடுத்தாலே போதும், டிராக் புள்ளி எதிர்மறைப் பக்கம் போன மாதிரி தெரியும்.

சரிபார்க்க கிராஃபீனே தேவையில்லை. ஒரு பீக்கரில் இந்தக் கம்பியையும் 3 மோலார் கேசிஎல் நிரப்பிய முறையான ரெஃபரன்ஸ் மின்முனையையும் வைத்து, இரண்டுக்கும் இடையே திறந்த சுற்று மின்னழுத்தத்தை முதலில் பஃபரில், அப்புறம் நீர்த்த உமிழ்நீரில் அளங்க. வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவும் பொய் சிக்னல். ஆனா அந்த மின்முனையை அப்படியே 100 மைக்ரோலிட்டர் குழிக்குள் விடாதீங்க. கசியும் கேசிஎல் உங்க பஃபரையே மாற்றிவிடும். கசியாத வகையோ இரட்டைச் சந்தி வகையோ வேணும்.

ஆப்டாமர் ராஜா

மேலே சொன்னது சரி. ஆனால் பஃபரிலும் கோளாறு இருக்கிறது. 0.01 மடங்கில் பாஸ்பேட் 0.1 மில்லிமோலார்தான். உமிழ்நீரின் பைகார்பனேட்டைத் தாங்க அது போதாது, பிஎச் நகரும். பிஎச் நகர்ந்தால் கிராஃபீனும் நகரும், காரணம் உங்கள் இணைப்பு முறை. பிபிஏஎஸ்இ-இன் என்எச்எஸ் எஸ்டர் (அமீனைப் பிடிக்கும் முனை) நீரில் சிதைந்துகொண்டே இருக்கும், பிஎச் ஏற ஏற இன்னும் வேகமாக. முதல் சில மணி நேரத்துக்குப் பின் ஆப்டாமர் புதிதாக இணைவது சொற்பம். சிதைந்தவை கார்பாக்சில் ஆகி மேற்பரப்பிலேயே தங்கும், அவற்றை எத்தனாலமீன் தொடாது. அதனால் உலர்ந்த டிஎம்எஃப்-இல் உடனுக்குடன் கரையுங்கள். முதலில் டிஎம்எஃப், பிறகு ஐசோபுரோப்பனால், அதன் பின்தான் பிபிஎஸ் என்று கழுவுங்கள். நேராக நீருக்குப் போனால் ஒட்டாத பிபிஏஎஸ்இ கிராஃபீன் மேல் வீழ்படிவாகும். ஆப்டாமரை 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி மெதுவாக ஆறவிட்ட பின் இணையுங்கள். டிரிஸ் பஃபர் கூடவே கூடாது, அதன் அமீன் போட்டிக்கு வந்துவிடும்.

0.01 மடங்கை எல்லோரும் டெபை நீளத்துக்காகத்தான் (கரைசலில் மின்னூட்டம் எவ்வளவு தூரம் வரை உணரப்படும் என்ற அளவு) எடுக்கிறார்கள்: அதில் 7 நானோமீட்டர், 1 மடங்கில் 0.7. ஆனால் கார்ட்டிசாலுக்கு மின்னூட்டமே இல்லை. சிக்னல் வருவது ஆப்டாமரின் முதுகெலும்பு மடங்குவதால், மடங்க உப்பு வேண்டும். 0.1 மடங்கு பிபிஎஸ், 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு என்று மாறிப் பாருங்கள். குளோரைடு பிரச்சினையும் 1 மில்லிவோல்ட் அளவுக்குச் சுருங்கும்.

சிப்பாளன்

பீக்கரில் 18 வந்தது! மீதிக்கு பிஎஸ்ஏ போடலாமா?

மின்வேதி

வேண்டாம். ஆல்புமின் கார்ட்டிசாலைப் பிடிக்கும், கட்டற்ற அளவு குறையும். உமிழ்நீரை உறைய வைத்து, உருக்கி, 1500 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றினாலே மியூசின் (உமிழ்நீரின் வழவழப்புப் புரதம்) பெரும்பாலும் இறங்கிடும். கார்ட்டிசால் ஸ்டாக் எத்தனாலில் இருந்தால், எல்லாப் படியிலும், வெற்று மாதிரியிலும்கூட, எத்தனால் ஒரே அளவு இருக்கணும்.

ஆப்டாமர் ராஜா

ஆப்டாமர் பிடிக்கிறதா என்று கார்ட்டிசோனையும் தனியாகச் சோதியுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள நொதி கார்ட்டிசாலை கார்ட்டிசோனாக மாற்றுவதால், உமிழ்நீரில் பெரும்பாலும் அதுதான் அதிகம்.

இன்னொன்று: இரவு உமிழ்நீரில் கார்ட்டிசால் சில நானோமோலார்தான். 10 மடங்கு நீர்த்தால் உங்கள் அளவீட்டு வரம்பின் அடிக்கும் கீழே போய்விடும். காலை மாதிரிக்கு இது ஓடும், இரவுக்கு ஓடாது. அதற்கு நீர்ப்பதை 2 மடங்கோடு நிறுத்தி, அதிக உப்பிலேயே அளக்க வேண்டும். 2018இல் அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகக் குழு இண்டியம் ஆக்சைடு டிரான்சிஸ்டரில் செரோடோனினையும் டோபமினையும் உடலின் உப்புச் செறிவிலேயே ஆப்டாமரால் அளந்து காட்டியது. உங்கள் வரிசை அந்த உப்பில் எப்படி மடங்குகிறது என்பதை சிப்பில் ஏற்றும் முன் சிடி நிறமாலையில் (மூலக்கூறின் மடிப்பைக் காட்டும் ஒளி அளவீடு) பார்த்துவிடுங்கள்.