சென்னை மேயர் தேர்தல்: பூத்துலயும் வீட்டு வாசல்லயும் நீங்க பார்த்ததச் சொல்லுங்க

அயனாவரம் ஆளு:
நானே ஆரம்பிக்கிறேன். 2022 பிப்ரவரி 19, கார்ப்பரேஷன் கவுன்சிலர் தேர்தல் அன்னைக்கு, எங்க பூத் கியூல எனக்கு முன்னாடி ஒரு ஆயா. உள்ள போறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்ன பையன்கிட்ட "மேயருக்கு எந்த மிஷின்பா, கவுன்சிலருக்கு எந்த மிஷின்பா"னு கேட்டாங்க. அவன் சிரிச்சிட்டே "ஒரே மிஷின்தான் ஆயா, மேயருக்கெல்லாம் ஓட்டு கிடையாது"ன்னான். ஆயா விடல, "போன தபா ரெண்டு போட்டேனே, எனக்கு என்ன மறதியா"ன்னு ஒரே சண்டை. ஆயா சொன்னதும் கரெக்ட்தான். 1996, 2001, 2011 மூணு தடவையும் மேயரை நாமதான் நேரடியா தேர்ந்தெடுத்தோம், நடுவுல 2006ல மட்டும் கவுன்சிலருங்க தேர்ந்தெடுத்தாங்க, அப்புறம் 2019 நவம்பர்ல அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகத் தேர்தல்னு மாத்திட்டாங்க. இந்தப் பையனுக்கு 2011ல ஓட்டே இருந்திருக்காது, அவனுக்கு எப்படித் தெரியும்.

டூட்டி டீச்சர்:
அன்னைக்கு நான் பூத்துக்குள்ள இருந்தேங்க. சட்டமன்றத் தேர்தல் மாதிரி கூட்டமே இல்ல, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நாங்களும் ஏஜென்ட்டுங்களும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தோம், அப்புறம் பேப்பர்ல பார்த்தா சென்னைல 43 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, மாநிலத்துலயே நாமதான் கடைசி. ஒருத்தர் உள்ள போய் ரொம்ப நேரம் நின்னுட்டு, "மேடம், நோட்டா எங்க"ன்னு தலைய மட்டும் வெளிய நீட்டிக் கேட்டாரு, உள்ளாட்சித் தேர்தல்ல நோட்டா இல்ல சார்னு சொன்னதுக்கு என்னமோ நான் ஒளிச்சு வச்ச மாதிரி ஒரு பார்வை. சாயங்காலம் 5லேர்ந்து 6 வரைக்கும் கொரோனா வந்தவங்களுக்குன்னு ஒதுக்கியிருந்தாங்க, அதுக்காக அந்த வெள்ளை டிரெஸ்ஸ மாட்டிக்கிட்டு வேர்த்து ஊத்த உட்கார்ந்திருந்தோம், எங்க பூத்துக்கு ஒருத்தரும் வரல.

பெரம்பூர் ஃபிளாட்:
இது பிரசாரத்துல நடந்தது. எந்தக் கட்சின்னு சொல்லல. எங்க வார்டு பெண்கள் வார்டு, அதனால வீட்டுக்கு வந்தது வேட்பாளரும் அவங்க வீட்டுக்காரரும். அவரே பேசினாரு, அவரே கும்பிட்டாரு, நோட்டீஸ்ல கூட அவர் போட்டோதான் பெருசு. சரி இது எப்பவும் நடக்கற கூத்துதானேன்னு நானும் எங்க மாமியாரும் தலைய ஆட்டிட்டு நின்னோம். கீழ் வீட்டு அண்ணன் மட்டும் வந்து, மெயின் ரோட்டுல தண்ணி நிக்குது, கால்வாய் எப்ப கட்டுவீங்கன்னு பிடிச்சிட்டாரு. வீட்டுக்காரர் உடனே "ஜெயிச்ச மறுநாளே வேலை ஆரம்பிச்சுரும்ணே"ன்னாரு பாருங்க, அதுவரைக்கும் வாயே திறக்காத அந்தம்மா, "இருங்க, அது ஹைவேஸ் ரோடு, கார்ப்பரேஷனோடது இல்ல, நான் லெட்டர்தான் குடுக்க முடியும், உள்தெரு மட்டும்தான் நம்ம கையில இருக்கு"ன்னு பட்டுனு போட்டு உடைச்சாங்க. அவரு முகம் போன போக்கு இருக்கே! கீழ் வீட்டு அண்ணன் அந்த இடத்துலயே "உனக்குத்தாம்மா என் ஓட்டு"ன்னுட்டாரு. கவுன்சிலருக்கு வேண்டிய தகுதி என்னைக் கேட்டா இதுதான், எந்தக் குழாய் மெட்ரோ வாட்டரோடது, எந்த ரோடு யாரோடதுன்னு தெரியணும், மீதி எல்லாம் மைக் செட்டு.

மாம்பலம் தாத்தா:
96ல ஸ்டாலின் ஜெயிச்சப்ப நான் வேலைல இருந்தேன். மேயரை ஜனங்களே நேரடியா தேர்ந்தெடுத்தது அப்பதான் முதல் தடவை, ஆபீஸ் பூரா அதே பேச்சு. 2001லயும் அவரே ஜெயிச்சாரு, அடுத்த வருஷம் ஒருத்தர் ரெண்டு பதவில இருக்கக் கூடாதுன்னு சட்டம் வந்து மேயர் பதவிய விட வேண்டியதாப் போச்சு. 2011ல சைதை துரைசாமி. அதுக்கப்புறம் 2016லேர்ந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிங்கதான். அந்தக் காலத்துல தெரு விளக்கு எரியலன்னா கார்ப்பரேஷன் புகார் நம்பர் 1913க்கு அடிக்கிறதத் தவிர யார் வீட்டுக் கதவத் தட்டறதுன்னே தெரியாது.

வியாசர்பாடி பையன்:
2022 மார்ச் 4, கவுன்சிலருங்க மேயரைத் தேர்ந்தெடுத்த அன்னைக்கு நான் கார்ப்பரேஷன் ஆபீஸ் ரிப்பன் மாளிகை வெளிய இருந்தேன் ப்ரோ. போட்டியே இல்ல, 200 பேர்ல திமுக மட்டுமே 153, ரிசல்ட் என்னன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், இருந்தும் அவ்ளோ கூட்டம். நம்ம வடசென்னைப் பொண்ணு, 74வது வார்டு பிரியா, 28 வயசு. அதுக்கு முன்னாடி தாரா செரியன், காமாட்சி ஜெயராமன்னு ரெண்டே ரெண்டு பெண் மேயர்தான், தலித் பெண் மேயர்னா இவங்கதான் முதல். எங்க அக்கா வீட்ல டிவில பார்த்துட்டு இருந்துச்சு, பிரியா மேயரோட அந்தச் செவப்பு அங்கிய மாட்டினதும் எனக்கு போன் போட்டு, "டேய், என்னை விடச் சின்னவடா"ன்னு கத்துச்சு. மேயரை நாம நேரடியா போடணுமான்னு கேட்டா ஆமான்னுதான் சொல்வேன், ஆனா நேரடியா வச்சிருந்தா எங்க ஏரியாப் பொண்ணுக்கு சீட்டு குடுத்திருப்பாங்களான்னு எங்க செட்டுக்குள்ள இன்னும் அடிச்சுக்கிறோம்.

டூட்டி டீச்சர்:
தம்பி, அடிச்சுக்கிறது இருக்கட்டும், உங்க செட்டுல வீடு மாறினவங்க இருந்தா அட்ரஸ் மாத்தச் சொல்லுங்க. சட்டமன்ற லிஸ்ட்ட வச்சுதான் வார்டு லிஸ்ட் பிரிக்கிறாங்க, பழைய தெருப் பேர வச்சுக்கிட்டு புது வார்டு பூத்துல வந்து நின்னவங்கள அன்னைக்கு நிறைய திருப்பி அனுப்பினோம்.